இருநூறு கிராமுக்குள் ஆரோக்கியம்

துறைமுகத்தில் ஆரோக்கியத்துக்கென்று தனியாக ஒரு துறை ஏற்பட்டதற்கு உச்சாணிதான் காரணம். இதை அவர் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமல் இருந்தும் தப்பிக்க முடியவில்லை. அந்தத் துறையின் முதல் கோப்பில் முதல் தாளாக இருப்பது அவருடைய மனுதான்.

அவர் இரண்டாம் நம்பர் கிரேனின் ஓட்டுநர். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கிக் கரையில் வைக்க வேண்டும். தரையிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு படி மேலே, காலுக்கடியில் கண்ணாடி போட்ட ஒரு கூண்டில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. அந்தக் கூண்டிலிருந்து பார்த்தால் மனிதர்கள் எல்லோரும் ஒரே அளவாகத் தெரிவார்கள். மேலாளரும் பெருக்குகிறவரும் ஒரே அளவு. அவருக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கீழே நின்று சைகை காட்டுகிறவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் உச்சாணியே கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்துவிட்டார். கிரேன் வேலையில் மேலே இருப்பவனுக்குக் கண் கீழே இருக்கிறது. மைத்துனன் கை தாழ்ந்தால் இறக்குவார், உயர்ந்தால் தூக்குவார், விரிந்தால் நிறுத்துவார். ஏன், எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அக்கா சொல்லை வீட்டிலும் தம்பி சைகையை வேலையிலும் கேட்டு நடந்த மனிதர் என்று துறைமுகத்தில் கேலி உண்டு. அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை.

மத்தியான இடைவேளை இருபத்தைந்து நிமிஷம். இறங்கப் பத்து, ஏறப் பதினைந்து. அதாவது இறங்கி வந்தவர் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆகவே சாப்பாடு கயிற்றில் போகும். மைத்துனன் பையைக் கட்டுவான், உச்சாணி மேலிருந்து இழுத்துக்கொள்வார்.

பையில் முன்பெல்லாம் வீட்டு டப்பா போய்க்கொண்டிருந்தது. மறந்த நாளில் கேன்டீன் சாப்பாடு. நிர்வாகம் ஒரு நாள் கேட்டை ஒட்டியிருந்த கேன்டீனை மூடி அதே இடத்தில் ஒரு துரித உணவுக் கடையைக் கொண்டுவந்தது. சிவப்புக் கூரை, சிவப்பு நாற்காலி, சுவர் முழுக்கப் பர்கர் படம். கடைக்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தில், துறைமுகத்துக்குள் வெளி உணவு வரக்கூடாது என்று ஒரு வரி. மறுநாள் காலை கேட் காவலர் உச்சாணியின் டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"வெளி உணவு உள்ள போகாது."

"இது வீட்டு உணவுப்பா."

"வீடு எங்க இருக்கு? கேட்டுக்கு உள்ளயா, வெளியயா?"

"வெளியதான்."

"அப்புறம் என்ன?"

வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. டப்பா அன்றோடு வீட்டில் நின்றுவிட்டது. ஒன்றரை வருஷம் உச்சாணி அந்தக் கடையில் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார். பொரித்த கோழி, உருளை வறுவல், இரண்டு அடுக்குப் பர்கர், ஒரு குவளை குளிர்பானம். கூண்டில் அவருடைய நாற்காலி சின்னதாகிக்கொண்டே வந்தது.

வருடாந்திரப் பரிசோதனையில் துறைமுக டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தொண்ணூத்தியொரு கிலோ. சர்க்கரை நூத்தி அறுபத்தெட்டு. உயரத்துல வேலை செய்யறவங்களுக்கு நூத்தி முப்பதுதான் எல்லை. தொண்ணூறு நாள் டைம் தரேன். குறையலைன்னா கீழ இறங்கிட வேண்டியதுதான்."

"கீழன்னா?"

"கேட்ல சீட்டு எழுதற வேலை இருக்கு."

உச்சாணிக்குத் தலை சுற்றியது. இருநூற்றுப் பன்னிரண்டு படி மேலே அவருக்குத் தலை சுற்றியதே இல்லை. "என்ன சாப்பிடலாம் டாக்டர்?"

"பொரிச்சதைக் குறைங்க. காய், பழம் சேர்த்துக்கோங்க."

"அந்தக் கடையில எதை வாங்கறது?"

"பார்த்து வாங்குங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

உச்சாணி கடைப் பலகையைப் பார்த்தார். பலகையும் அவரைப் பார்த்தது. அறுபத்திரண்டு பண்டங்கள், எல்லாமே சிரித்துக்கொண்டிருந்தன. அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதினார். சாரம் இவ்வளவுதான்: கடையில் விற்கும் உணவில் கெடுதல் குறைந்தது எது என்று விஷயம் தெரிந்த யாராவது சொன்னால் உபகாரமாக இருக்கும்.

ஒரு ஆளிடம் ஐந்து நிமிஷம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுத்தில் கேட்டுவிட்டார். இரண்டே வாரத்தில் நல்லுணவுத் தேர்வுத் துறை பிறந்துவிட்டது. அதற்கு ஓர் இயக்குநர், இரண்டு துணை இயக்குநர்கள், ஓர் ஆலோசகர், ஒரு ரப்பர் முத்திரை. சமையல் தெரிந்தவர், உடம்பு தெரிந்தவர் என்று யாரும் இல்லை. அது திட்டமிட்டுச் செய்ததுதான் என்பது இயக்குநரின் தொடக்க உரையிலிருந்து தெரிந்தது.

இயக்குநர் எடைமேடையிலிருந்து வந்தவர். உள்ளே வரும் லாரி, வெளியே போகும் லாரி எல்லாவற்றையும் மேடையில் ஏற்றி எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கும் பகுதிக்குத் தலைவராக இருந்தவர்.

"சாப்பாட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சில பேர் பேசிக்கறாங்க," என்று அவர் ஆரம்பித்தார். "உண்மைதான். இருபத்தாறு வருஷம் லாரியை எடை போட்டிருக்கேன். எந்த லாரிக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்ல. பார்த்திருந்தா இந்த நாற்காலிக்கு வந்திருக்க மாட்டேன்."

கூட்டம் கை தட்டியது.

"கடையை மாத்துங்கன்னு சிலர் சொல்றாங்க. கடை ஏன் மாறணும்? அது பாட்டுக்கு வித்துக்கிட்டு இருக்கு. பாவம். வாங்கறது யாரு? நீங்க. தேர்வு உங்க கையில. இனிமே உங்க உடம்பு கெட்டுப்போனா, எங்களைக் கேட்க முடியாது. இந்த வசதியை நிர்வாகம் முதல் தடவையா உங்களுக்குச் செஞ்சு கொடுத்திருக்கு."

இன்னும் பலமான கைதட்டல். உச்சாணியும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே ஏதோ இடறியது. ஆனால் பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லை.

பிறகு முறை விளக்கப்பட்டது. உடம்பில் எடை ஏறுவதற்குக் காரணம் உள்ளே போகும் எடை. இது எடைமேடையில் நிரூபிக்கப்பட்ட விஷயம். லாரியில் பத்து டன் ஏற்றினால் பத்து டன் கூடும். ஆகவே உணவின் ஆரோக்கியம் என்பது அதன் எடை. கடை வாசலில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் தராசு வைக்கப்படும். பொட்டலம் இருநூறு கிராமுக்குள் இருந்தால் பச்சைச் சீட்டு. முந்நூற்றைம்பது வரை மஞ்சள். அதற்கு மேல் சிவப்பு. மூன்று சிவப்பு வாங்கினவர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

உச்சாணி ஒழுங்கான மனிதர். முதல் நாளே, காலையில் மேலே ஏறுமுன், டாக்டர் சொன்னபடி சுட்ட கோழி, பச்சைக் காய், ஓர் ஆப்பிள், ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினார். தராசு ஆயிரத்து நூறு கிராம் காட்டியது. மேசையில் இருந்த துணை இயக்குநர் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சிவப்புச் சீட்டைக் கிழித்தார்.

"என்னங்க இது, ஒரு கிலோவுக்கு மேல சாப்பிடுவீங்களா?"

"பாதி தண்ணிங்க."

"தண்ணி உள்ள போனா எடை இல்லாம போயிடுமா?"

பின்னால் நின்றவருக்கு ஒரு சின்ன உருளை வறுவல், எண்பது கிராம் பொரித்த கோழித் துண்டு, மொறுமொறுவென்று சர்க்கரை தூவிய ஏதோ ஒன்று. நூற்றுத் தொண்ணூறு கிராம். பச்சை. அவருடைய குளிர்பானம் தராசுக்கே வரவில்லை. அதில் காற்றுக் குமிழி அதிகம் என்பதால் ஆலோசகர் அதைக் காற்று வகையில் சேர்த்து எடையிலிருந்து விலக்கு அளித்திருந்தார். தண்ணீரில் குமிழி இல்லை. அதற்கு விலக்கும் இல்லை.

மூன்று நாளில் மூன்று சிவப்பு. விளக்கம் எழுதினார். விளக்கம் திருப்தியாக இல்லை என்று விசாரணை வைத்தார்கள். மேசைமேல் தட்டில் ஓர் ஆப்பிள். சாட்சிக்கு டாக்டர்.

"இந்தப் பழத்தை உங்களை யார் சாப்பிடச் சொன்னது?" என்று இயக்குநர் கேட்டார்.

"டாக்டர்தான் ஐயா."

"எழுதிக் கொடுத்தாரா?"

"வாயால சொன்னார்."

எல்லோரும் டாக்டர் பக்கம் திரும்பினார்கள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பழம் நல்லதுன்னு பொதுவா சொல்லியிருப்பேன். இந்தப் பழம்னு குறிப்பிட்டுச் சொன்னதா ஞாபகம் இல்ல. எடையைப் பத்தித் துறை ஒரு முடிவு எடுத்திருக்கறப்ப, மருத்துவம் குறுக்க வரது சரியா இருக்காது."

"நல்லாச் சொன்னீங்க," என்றார் இயக்குநர். "ஒரு ஆப்பிள் நூத்தி எண்பது கிராம். அதுக்குள்ள என்ன இருக்குன்னு நாங்க பார்க்கல. பார்த்தா பாரபட்சம் வந்துடும்."

முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். வெளியே வந்த உச்சாணி டாக்டருக்காகக் கொஞ்ச நேரம் நின்றார், கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கலாமென்று. டாக்டர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை வேலைக்கு வரும்போது கடையில் கல்லாப் பெண் மட்டும் இருந்தாள். நாற்பது வயதுக்காரி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு வருகிறவள். சிவப்புத் தொப்பி அவளுக்குப் பெரிதாக இருக்கும்.

"ஆப்பிள் கேஸ்ல மாட்டினது நீங்கதானாண்ணே?"

"நான்தான் தங்கச்சி."

"மெனுவை அப்படி முறைச்சுப் பார்க்காதீங்க. எதுவும் தானா இறங்கி வராது. நான் சொல்றேன், கேளுங்க. வறுத்ததுக்குப் பதிலா சுட்டதுன்னு கேட்டு வாங்குங்க. சாஸைத் தனியாக் கொடுக்கச் சொல்லுங்க, கொடுத்ததும் அதை இங்கயே விட்டுட்டுப் போயிடுங்க. ரொட்டி மேல கீழன்னு ரெண்டு இருக்கும், ஒண்ணு போதும். சாலட்னா நல்லதுன்னு நினைச்சுக்காதீங்க, மேல ஒரு வெள்ளையா ஊத்துவோம் பாருங்க, அதை ஊத்திட்டா அது பர்கருக்கு அண்ணன். பெரிசாத் தரட்டுமான்னு கேட்போம். கேட்கணும்னு எங்களுக்கு உத்தரவு. வேணாம்னு சொல்லிடுங்க, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

ஒன்றரை வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பதில் அது. ஒரு துறைக்கு உண்டான எல்லா வேலையையும் அவள் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே செய்துவிட்டாள்.

"அதெல்லாம் சரி. தராசு இருக்கே."

"சீட்டு பொட்டலத்துக்குத்தானே? உங்களுக்கு இல்லையே," என்றாள்.

வழியைச் சொன்னவன் மைத்துனன். இதையும் உச்சாணி பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்தார். கிரேனுக்குப் போகும் கிரீஸ், ஆணி, கந்தல் துணி எதையும் துறை எடை போடுவதில்லை; அது இயந்திரத்தின் உணவு. மைத்துனன் ஒரு புது கிரீஸ் டப்பாவைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தான்.

"மாமா, பச்சைப் பொட்டலத்தை உங்க பேர்ல வாங்கிச் சீட்டுப் போட்டுக்கறேன். உங்க சாப்பாட்டைக் கல்லாக்காரம்மா உள்ளயே இந்த டப்பாவுல போட்டுத் தருவாங்க. பதிவேட்டுல கிரீஸ்னு எழுதிடறேன்."

"மாட்டிக்கிட்டா?"

"நான் இருக்கறப்ப எப்படி மாமா மாட்டுவீங்க? உங்களை எத்தனை வருஷமா நான் இறக்கி ஏத்தறேன்."

"அந்தப் பொட்டலத்தை என்ன பண்ணுவே?"

"தூக்கிப் போடறது பாவம். நான் பார்த்துக்கறேன்."

ஐம்பத்தெட்டு வேலை நாள் இப்படி நடந்தது. மேலே சுட்ட கோழியும் பச்சைக் காயும் ஆப்பிளும் கிரீஸாகப் போயின. கீழே மைத்துனன் இரண்டாம் கிரேனின் நிழலில் உட்கார்ந்து, உச்சாணியின் பெயரில் வந்த வறுவலையும் பொரித்த துண்டையும் தின்றான். அதற்கு முன் தன் பங்கைத் தின்றுவிட்டு. வெயிலில் நின்று கையாட்டுகிற ஆள், பசிக்கும்தான். உச்சாணிக்கு முதலில் முழங்கால் வலி போனது. பிறகு நாற்காலி மறுபடி பெரிதானது. படி ஏறப் பதினைந்து நிமிஷம் பிடித்தது பதினொன்றுக்கு வந்தது.

தொண்ணூறாவது நாள் டாக்டர் தாளை மூன்று தடவை பார்த்தார். எண்பத்து நாலு கிலோ. சர்க்கரை நூற்றுப் பதினெட்டு.

"நல்லாப் பார்த்து வாங்கியிருக்கீங்க," என்றார்.

செய்தி துறைக்குப் போனது. துறைக்கு அப்போது ஒரு வெற்றி அவசரமாகத் தேவைப்பட்டது, ஏனென்றால் மற்ற எல்லோருக்கும் எடை கூடியிருந்தது. உச்சாணியின் பதிவைப் புரட்டினார்கள். முதல் மூன்று சிவப்புக்குப் பிறகு ஐம்பத்தெட்டும் பச்சை. ஆலோசகர் நெகிழ்ந்துபோய்விட்டார். புகைப்படக்காரர் வந்தார். உச்சாணியை வெள்ளைச் சுவரின் முன் நிற்கவைத்து, வலது கையில் ஓர் உருளை வறுவல் பொட்டலத்தைக் கொடுத்து, அதைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். படம் ஆளுயரத்துக்கு அச்சாகி கேட்டில் நின்றது. கீழே வாசகம்: சரியாகத் தேர்ந்தேன், உயரத்தில் இருக்கிறேன்.

மூன்றாம் கிரேன்காரர் அந்தப் படத்தடியில் அவரை நிறுத்தினார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. அவருக்கும் அடுத்த மாதம் பரிசோதனை.

"நிஜமாவே இந்த வறுவலை மட்டும் சாப்பிட்டுத்தான் குறைச்சீங்களாண்ணே? நானும் பச்சை தவிர வேற தொடறதில்ல. எனக்கு ஏறிக்கிட்டே போகுது."

உச்சாணி வாயைத் திறந்தார். கேட் காவலர் பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டு ஞாபகம் வந்தது. "உடம்புவாகைப் பொறுத்ததுப்பா," என்று சொல்லிவிட்டு நடந்தார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று படி ஏறும்போது யோசித்தார். பதினோரு நிமிஷத்தில் அவருக்குக் கிடைத்த வித்தியாசம், தன்னிடம் கண்ணாடி இல்லை என்பதுதான். நாளைக்கு மூன்றாம் கிரேன்காரரைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தார்.

மறுநாள் உச்சாணியையே கூப்பிட்டார்கள். இயக்குநர் அறை. பாராட்டுச் சான்றிதழ் என்று நினைத்து உச்சாணி சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு போனார். மேசைமேல் நாலு பக்கத் தாள். தலைகீழாக இருந்தபோதே மைத்துனனின் கையெழுத்து தெரிந்துவிட்டது. பதினாலு வருஷத்தில் அந்தக் கை எழுதி அவர் பார்த்ததெல்லாம் வீட்டுக்கு வாங்கவேண்டிய சாமான் பட்டியல்தான். நாலு பக்கம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதும் என்று அவருக்குத் தெரியாது.

"படிக்கட்டுமா?" என்று இயக்குநர் கேட்டார். "வேண்டாம், சுருக்கமாச் சொல்லிடறேன். பதிவேட்டுப்படி நீங்க ஐம்பத்தெட்டு டப்பா கிரீஸ் சாப்பிட்டிருக்கீங்க."

"அதுல கிரீஸ் இல்லங்க ஐயா."

"உள்ள என்ன இருந்துச்சுங்கறது எங்க துறைக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்."

"ஆனா உடம்பு குறைஞ்சிருக்கே ஐயா. டாக்டர் தாள் இருக்கே."

"குறைஞ்சிருக்கு. யார் இல்லன்னு சொன்னது?" இயக்குநர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "முறைப்படி குறையலை. ஒரு லாரி எடைமேடையில ஏறாம பின்பக்கமா உள்ள வந்துடுச்சுன்னு வச்சுக்குங்க. லாரி நல்ல லாரிதான். சரக்கும் நல்ல சரக்குதான். விட முடியுமா? உங்களுக்கு வந்திருக்கறது முறைகேடான ஆரோக்கியம். இதை ஒத்துக்கிட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஆரோக்கியமா ஆக ஆரம்பிச்சுடுவாங்க. துறை எதுக்கு?"

"எதுக்குங்க?" என்று உச்சாணி கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார். நாளையிலிருந்து உயரத்தில் வேலை இல்லை, கேட்டில் வேலை என்றார்.

"அப்ப அந்தப் படத்தை எடுத்துடுவீங்களா?"

"படம் எதுக்கு எடுக்கணும்? படத்துல நீங்க முறையாத்தானே சாப்பிடறீங்க."

மைத்துனனுக்கு ஆறு கிலோ கூடியிருந்தது. அதைத் துறை கடமையின்போது ஏற்பட்ட எடை என்று வகைப்படுத்தி, அவனைத் தேர்வுக் கண்காணிப்பாளர் ஆக்கியது. கடை வாசலில் மேசை, நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. கல்லாப் பெண்ணை உள்ளே எண்ணெய்ச் சட்டி பக்கம் மாற்றிவிட்டார்கள். இப்போது அவள் யாரோடும் பேச முடியாது, சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

அன்று சாயங்காலம் உச்சாணி வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமல் நின்றார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி என்ன பண்ணியிருக்கான் தெரியுமா?"

அவள் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"போன வாரம் வந்தான். மேசை வேலை ஒண்ணு காலியாகுது, நடந்ததை எழுதிக் கொடுத்தாக் கிடைக்கும்னு சொன்னான். உங்களை ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்கன்னு அவங்களே சொன்னாங்களாம். பதினாலு வருஷமா வெயில்ல நிக்கறான். போன கோடையில ரெண்டு தடவை மயங்கி விழுந்தான். உங்களுக்கு மேலேருந்து தெரியாது."

"எனக்குத்தான் மேலேருந்து எல்லாம் தெரியும்."

"அவன் விழுந்தது தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. அவர் பார்த்ததெல்லாம் கையை மட்டும்தான். அதை அவளிடம் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா தடுத்திருப்பீங்க."

"தடுத்திருப்பேன்."

"அதான்," என்று சொல்லிவிட்டு அவள் துணியை அலமாரியில் வைக்கப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே, "கீழ இருந்தா வீட்டு டப்பா சாப்பிடலாமில்ல? கேட்டுக்கு வெளியில வந்து நின்னு சாப்பிட்டா யாரும் கேட்க மாட்டாங்க," என்றாள். சமாதானத்துக்குச் சொன்னாள். அவர் அன்று சாப்பிடவில்லை.

மூன்றாம் கிரேன்காரரை மறுநாள் காலை கேட்டிலேயே பிடித்து, சுட்டது, சாஸ் இல்லாதது, ஒரு ரொட்டி, தண்ணீர் என்று ஒன்று விடாமல் சொன்னார். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு உச்சாணியைப் பார்த்தார், பக்கத்தில் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தார்.

"உங்களை இறக்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தக் கடுப்புல சொல்றீங்க. நான் மேல இருக்கணும்ணே," என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய் நூற்றுத் தொண்ணூறு கிராமோடு வெளியே வந்தார்.

கேட்டில் உச்சாணியின் வேலை சுலபம். கடையிலிருந்து துறைமுகத்துக்குள் போகும் பொட்டலங்களின் சீட்டை வாங்கி, எண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, மேசைக்கு அனுப்ப வேண்டும். மேசையில் மைத்துனன். இருவருக்கும் இடையில் பத்தடி. முதல் மூன்று நாள் அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க அதன்மேல் கல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். இரண்டாம் கிரேனில் புது ஆள். சைகைக்கும் புது ஆள். கன்டெய்னர் ஒன்று தரையில் இடித்து இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் ஒரே நேரத்தில் தலை தூக்கினார்கள். பிறகு ஒரே நேரத்தில் குனிந்துகொண்டார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் மைத்துனன் எழுந்து வந்தான். புதுச் சட்டை, பையில் இரண்டு பேனா. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சாப்டீங்களா மாமா?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா ரொம்ப வருத்தப்படறாங்க. நீங்க காலையில ஒண்ணும் சாப்பிடாம அப்படியே கிளம்பிடறீங்களாம். துறையிலும் கேட்கறாங்க, உங்க பேர்ல நாலு நாளா ஒண்ணும் பதியலையேன்னு. ஏதாவது சாப்டீங்களா, இல்லையா?"

"சாப்டேன்னு எழுதிக்கோ," என்றார் உச்சாணி. "உனக்குத்தான் நல்லா எழுத வருதே."

மைத்துனன் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தான். பிறகு மேசைக்குத் திரும்பிப் போய், பதிவேட்டைத் திறந்து எழுதிக்கொண்டான்.